கலகெதரவில் விலைபோகாத வீடுகள்: குறைப்பதா, காத்திருப்பதா?

நாட்டின் பொருளாதார நெருக்கடி குறித்த விவாதங்கள் பெரும்பாலும் கடன் மறுசீரமைப்பு, வெளிநாட்டு ஒதுக்கு, சர்வதேச நாணய நிதியத்தின் மீளாய்வு என்பவற்றோடு முடிந்துவிடுகின்றன. அந்த நெருக்கடி சாதாரண குடும்பமொன்றின் வாசலில் எந்த வடிவில் வந்து நின்றது என்பதை அறிய விரும்புவோர், கட்டுகஸ்தோட்டையிலிருந்து குருநாகல் செல்லும் வீதியில் கலகெதர வரை ஒருமுறை பயணித்தால் போதும். மதிற்சுவரிலும் மின்கம்பத்திலும் கட்டப்பட்ட 'வீடு விற்பனைக்கு' என்ற பலகைகளில் சில, வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கிப்போயுள்ளன. பார்க்க வருவோர் வருகின்றனர், தேநீர் அருந்துகின்றனர், யோசித்துச் சொல்வதாகக் கூறிச் செல்கின்றனர். பின்னர் அவர்களிடமிருந்து எந்தத் தகவலும் கிடைப்பதில்லை.

இத்தகைய வீடுகளில் இன்று நடைபெறும் வாதம் ஒன்றே. கேட்கும் விலையைக் குறைப்பதா, அல்லது இன்னும் சில காலம் பொறுத்திருப்பதா? இதனை ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நமது சமூகங்களில் வீடொன்றை விற்க முன்வருபவர் பெரும்பாலும் இலாபத்துக்காக அதனைச் செய்வதில்லை. மகளின் திருமணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், நோயாளி ஒருவரின் சத்திர சிகிச்சை, உடன்பிறந்தோர் இடையிலான பங்கீடு ஆகியவையே அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கின்றன. வீடு விலைபோகாமல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் இக்காரியங்களும் நின்றுவிடுகின்றன.

முதலில், சந்தை ஏன் உறைந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது அவசியம். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின்னர், ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் கடன் வழங்கல் வீதம் 16.5 சதவீதத்தை எட்டியது. 91 நாள் திறைசேரி உண்டியலின் விளைவு வீதம் 2022 இன் இறுதிப் பகுதியில் 30 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. கையில் பணம் உள்ளவர் அதனைத் திறைசேரி உண்டியலிலோ நிலையான வைப்பிலோ இட்டார். கையில் பணம் இல்லாதவர் கடன் பெற முடியாத நிலையில் இருந்தார். ஆக, இரு தரப்பினரும் வீடு வாங்க வரவில்லை. அன்றைய நிலையில் விலையைப் பத்து இலட்சம் குறைத்திருந்தாலும் இருபது இலட்சம் குறைத்திருந்தாலும் பெரும்பாலான வீடுகள் விலைபோயிருக்குமா என்பது சந்தேகமே. விலையைக் காட்டிலும் வட்டியே வாசலை அடைத்து நின்றது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவர் 1 கோடி ரூபாவை 20 ஆண்டுகளில் செலுத்தும் வகையில் கடனாகப் பெறுகின்றார் என வைத்துக்கொள்வோம். வட்டி 25 சதவீதமாயின் மாதத் தவணை ஏறத்தாழ 2 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா. அதே கடன் 11 சதவீத வட்டிக்குக் கிடைக்குமாயின் தவணை ஏறத்தாழ 1 இலட்சத்து 3 ஆயிரம் ரூபா மாத்திரமே. வட்டியைத் தவிர்த்து, இலாபப் பங்கு அடிப்படையில் வீட்டு நிதி பெறுவோருக்கும் மாதாந்தக் கொடுப்பனவு சந்தை வீதங்களின் போக்கைப் பெரிதும் ஒட்டியே ஏறி இறங்குகின்றது. 2023 ஜூன் முதல் மத்திய வங்கி படிப்படியாக வீதங்களைக் குறைத்தது. 2024 நவம்பரில் அறிமுகமான ஒற்றைக் கொள்கை வீதம் 8 சதவீதமாக இருந்தது. 2025 மே மாதத்தில் அது 7.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதாவது, 2023 இன் தொடக்கத்தில் வாசலுக்கே வர முடியாதிருந்த வாங்குநர், அதன் பின்னர் அதே சம்பளத்தைக் கொண்டு ஏறத்தாழ இரு மடங்கு கடனைத் தாங்கக்கூடியவராக மாறினார்.

இங்கேதான் விற்பனையாளர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா எழுகின்றது. வட்டி உயர்ந்திருந்தபோது வீடு விலைபோகாததற்கு நாட்டைக் குறை கூறலாம். வட்டி குறைந்து இவ்வளவு காலம் சென்ற பின்னரும் அதே வீடு அதே விலையில் நிற்குமாயின், காரணத்தை அந்த வீட்டிலும் அந்த விலையிலும் தேடுவதே நேர்மை.

"கேட்ட விலையில் ஒரு சதமும் நான் குறைத்ததில்லை" என்று பெருமையுடன் கூறுவோர் நம்மத்தியில் உள்ளனர். உண்மையில் அவர்கள் அறியாமலேயே அவர்களது விலை ஒருமுறை பெருமளவில் குறைந்துவிட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் 57.2 சதவீதமாக இருந்தது. 2022 இன் தொடக்கத்தில் 2 கோடி 50 இலட்சம் ரூபா என்று கூறப்பட்ட விலை ஆண்டு முடிவிலும் மாறாதிருந்தால், அதன் வாங்கும் சக்தி முன்னைய ரூபாவில் ஏறத்தாழ 1 கோடி 59 இலட்சமே. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக விலை இறங்கிவிட்டது. ஆயினும் பலகையில் எழுதிய இலக்கம் மாறாததால் இழப்பு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

அக்காலம் இப்போது இல்லை. 2023 டிசெம்பரில் பணவீக்கம் 4 சதவீதமாக இறங்கியது. 2024 டிசெம்பரில் அது பூச்சியத்துக்கும் கீழே, மறை 1.7 சதவீதமாக இருந்தது. பணத்தின் பெறுமதி ஓரளவு நிலைத்து நிற்கும் காலத்தில், மாறாத விலை உண்மையிலேயே மாறாத விலையாகிவிடுகின்றது. முன்பு பணவீக்கம் சத்தமின்றிச் செய்து முடித்த குறைப்பை இனி உரிமையாளர் தமது வாயாலேயே கூற வேண்டியுள்ளது. அதனால்தான் அது இவ்வளவு கசக்கின்றது.

இக்கசப்பு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1990 களில் மாடி வீடுகளின் விலை வீழ்ந்து மீண்ட காலத்தை டேவிட் ஜெனெசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்னும் இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2001 இல் முடிவுகளை வெளியிட்டனர். வாங்கிய விலையிலும் குறைவாக விற்க நேர்ந்தவர்கள், ஏனையோரைவிட உயர்ந்த விலையைக் கேட்டனர் என்பதும், அவர்களது வீடுகள் நீண்ட காலம் விலைபோகாமல் நின்றன என்பதும் அதில் தெரியவந்தன. விற்றவர்கள் சற்றுக் கூடுதலான விலையைப் பெற்றதும் உண்மையே. ஆகவே பொறுத்திருப்பது எப்போதும் அறியாமை என்று நாம் கூற வரவில்லை. பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. அதனைக் கணக்கிட்ட பின்னரே பொறுத்திருக்க வேண்டும் என்றே கூறுகின்றோம்.

உதாரணமாக, 2 கோடி 50 இலட்சம் கேட்கும் வீட்டுக்கு ஒருவர் 2 கோடி தர முன்வருகின்றார் எனக் கொள்வோம். இது 2022 இன் இறுதியில் நடந்திருந்தால், அந்த 2 கோடி ஓராண்டில் 25 சதவீதம் ஈட்டியது என்று குறைத்து மதிப்பிட்டாலும் 50 இலட்சம் சேர்ந்திருக்கும். அதாவது, ஓராண்டு காத்திருந்து கேட்ட விலை முழுவதையும் பெற்றவருக்கும் அதனால் எந்த மேலதிக நன்மையும் கிடைத்திராது. 8 சதவீத வருமானம் என்று கொண்டால் அந்த 50 இலட்சம் இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். ஆகவே காத்திருப்பின் செலவு முன்னரைவிடக் குறைந்துள்ளது என்பது உண்மை. வட்டி பெறாதவர்கள் இதே கணக்கைக் கிடைக்கக்கூடிய வாடகையையோ வியாபார வருமானத்தையோ கொண்டு செய்து பார்க்கலாம். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் பூட்டிய வீட்டின் கூரை ஒழுகும். மரங்களைக் கறையான் அரிக்கும். மகளுக்கு மூன்று வயது கூடும். இவற்றுள் இறுதியில் கூறியதை எந்த வட்டியும் ஈடு செய்வதில்லை.

கலகெதரவுக்கே உரிய இரு காரணங்களும் இங்கு கவனிக்கத்தக்கவை. முதலாவது, இன்னும் வந்து சேராத ஒரு வீதி. மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மூன்றாம் கட்டம் பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை ஏறத்தாழ 32 கிலோமீற்றர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையிலான இரண்டாம் கட்டம் 2022 ஜனவரி 15 ஆம் திகதி திறக்கப்பட்டது. கடவத்தைக்கும் மீரிகமவுக்கும் இடையிலான முதற்கட்டமோ கடன் நெருக்கடியால் தடைப்பட்டு, 2025 செப்டெம்பரிலேயே மீண்டும் ஆரம்பித்து வைக்கப்பட்டது. கொழும்பிலிருந்து ஒரே மூச்சில் கலகெதர வந்திறங்கும் நாளை எண்ணி, இங்குள்ள காணிகளுக்குப் பேர்ச் ஒன்றுக்கு இவ்வளவு என்று பலரும் மனதில் ஒரு விலையைக் குறித்துக்கொண்டனர். வீதி வந்தால் அவ்விலை கிடைக்கலாம். வாங்குபவரோ இன்றுள்ள வீதியில், இன்றுள்ள பஸ்ஸில் கண்டிக்குப் போய் வரப்போகின்றவர். நாளைய வீதிக்கான விலையை இன்றே தருமாறு அவரிடம் கேட்பது நியாயமாகாது. வீதியை நம்பிக் காத்திருக்க வசதியுள்ளவர் காத்திருக்கட்டும். அவசரத் தேவைக்காக விற்பவர் அந்நம்பிக்கையை விலையிலிருந்து கழித்துவிடுவதே நன்று.

இரண்டாவது, மலை. குருநாகல் சமவெளியிலிருந்து கண்டிக்கு ஏறும் வழியில் அமைந்த இப்பிரதேசத்தில் சரிவுகளில் கட்டப்பட்ட வீடுகள் ஏராளம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அவற்றுள் மிகக் கூடுதலான உயிரிழப்புகள் கண்டி மாவட்டத்திலேயே நிகழ்ந்தன. அதன் பின்னர் மலையகத்தில் வீடு பார்க்க வருபவரின் கண்கள் அறைகளின் எண்ணிக்கைக்கு முன்னர் வீட்டின் பின்புறத்து மண்திட்டையே பார்க்கின்றன என்றால் அது வியப்பன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு முன்னர் புதிய கட்டட அனுமதிக்கான ஓர் ஆவணமாகவே கருதப்பட்டது. இனி அது விற்பனைக்கும் இன்றியமையாத ஆவணமாகிவிட்டது. சரிவில் உள்ள வீட்டின் உரிமையாளர், விலையைக் குறைப்பது பற்றிச் சிந்திப்பதற்கு முன்னர் இம்மதிப்பீட்டைப் பெற முயல்வதே அறிவுடைமை. நிலம் பாதுகாப்பானது என உறுதியானால் விலையை வீணாகக் குறைக்க வேண்டிய தேவை எழாது. பாதுகாப்பற்றது எனத் தெரியவந்தால், அதனை மறைத்து விற்பது ஒரு குடும்பத்தின் உயிரை விலைபேசுவதற்கு ஒப்பானது. விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்த மறைப்புக்கு நியாயம் கிடைக்காது.

விலையைக் குறைப்பதற்கும் அஞ்சி விற்பதற்கும் இடையிலான வேறுபாட்டையும் இவ்விடத்தில் வலியுறுத்த விரும்புகின்றோம். 1983 ஜூலைக்குப் பின்னர் தெற்கிலும் மலையகத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பல தமது வீடு வாசல்களைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியேறின. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் வேறு பகுதிகளிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டு, நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்ட வேளையிலும் இதே அச்சம் பல வீடுகளில் புகுந்தது. கண்டி இராச்சியத்தின் காலத்தில் மாட்டுத் தவளங்களின் மூலம் பண்டங்களை ஏற்றியிறக்கிய மடிகே பிரிவில் பணியாற்றிய முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் இம்மலைகளில் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அத்தகைய வேர்களை ஓர் இரவின் பயத்தில் விற்பது வேறு. அமைதியாக அமர்ந்து கணக்குப் பார்த்து நியாயமான விலையை ஏற்பது வேறு. புயலின் பின்னரும் அவசரத்தைப் பயன்படுத்தி அடிமாட்டு விலை பேசும் தரகர்கள் தோன்றுவது இயல்பு. அயலவரின் இக்கட்டைத் தமது இலாபமாக மாற்ற முனைவோர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராயினும் கண்டிக்கப்பட வேண்டியவர்களே.

எனின், நியாயமான விலையை அறிவது எவ்வாறு? இங்கேதான் நமது நாட்டின் குறைபாடு வெளிப்படுகின்றது. மத்திய வங்கி காணி விலைமதிப்புக் குறிகாட்டியையும், விளம்பரங்களின் அடிப்படையிலான கேள்விவிலைச் சுட்டெண்களையும் வெளியிட்டு வந்துள்ளது. ஆனால் அவை கொழும்பு மாவட்டத்தை மையமாகக் கொண்டவை. கண்டியில் உள்ளவர் அவற்றைக் கொண்டு தமது வீட்டை மதிப்பிட முடியாது. காணிப் பதிவகத்தில் உள்ள உறுதிகளைப் பார்க்கலாம் என்றால், முத்திரை வரியைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நம்மத்தியில் புதியதன்று. முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதமும் எஞ்சிய தொகைக்கு 4 சதவீதமும் என்ற கணக்கில், 2 கோடி ரூபா வீட்டுக்கு முத்திரை வரி மாத்திரம் 7 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா. இவ்வரியில் சிறிது தப்ப முயன்று, ஊரின் உண்மை விலை எவருக்கும் தெரியாத நிலையை நாமே உருவாக்கிவிட்டோம். பின்னர் விற்க வரும்போது அந்த இருட்டில் நாமே தடுமாறுகின்றோம்.

இந்நிலையில் உரிமையாளருக்கு எஞ்சும் வழிகள் சில. பட்டய விலைமதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையைப் பெறுவது முதலாவது. வங்கிகள் தமது மதிப்பீட்டை ஒட்டியே கடன் வழங்குவதால், அந்த மதிப்பீட்டுக்கு மேலாகக் கேட்கப்படும் ஒவ்வொரு இலட்சத்தையும் வாங்குபவர் தமது கைப்பணத்திலிருந்தே தேட வேண்டும். பேச்சு முற்றாகி, முற்பணம் கொடுத்த பின்னரும் கொடுக்கல் வாங்கல் முறிவது பெரும்பாலும் இதனாலேயே. இரண்டாவது, வந்தவர்கள் சொல்லிச் சென்ற தொகைகளைக் குறித்து வைப்பது. ஒருவரையொருவர் அறியாத மூவர் ஏறத்தாழ ஒரே தொகையைக் கூறியிருப்பின், சந்தை தனது பதிலைத் தந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். மூன்றாவது, குறைப்பதாயின் ஒரே தடவையில், காரணம் கூறிக் குறைப்பது. மாதமொரு இலட்சமாகக் குறைத்துக்கொண்டு வருபவரின் அவசரத்தை வாங்குபவர் எளிதில் கண்டுகொள்கின்றார். இன்னும் குறையும் என்று அவரும் காத்திருக்கத் தொடங்குகின்றார்.

வரியையும் மறத்தலாகாது. 2018 ஏப்ரலில் மீண்டும் நடைமுறைக்கு வந்த மூலதன ஈட்டு வரி, தனிநபர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகத் தமக்குச் சொந்தமாயிருந்து, அவற்றுள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாமே வாழ்ந்த பிரதான வதிவிடத்தை விற்பவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. பெற்றோரின் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்கு அவ்விலக்குப் பொருந்தாது போகலாம். 2017 செப்டெம்பர் 30 க்கு முன்னரிருந்தே சொந்தமான சொத்துகளுக்கு அத்திகதியின் சந்தைப் பெறுமதியே அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது. எனவே அத்திகதிக்குரிய மதிப்பீட்டறிக்கை ஒன்றையும் சேர்த்துப் பெற்றுக்கொள்வது பயன் தரும். கையில் மிஞ்சும் தொகையே உண்மையான விலை.

இறுதியாக, எல்லாவற்றிலும் கடினமான விடயத்தைக் கூறியாக வேண்டும். பல வீடுகளின் விலை குறையாமல் நிற்பதற்குக் காரணம் சந்தை அன்று, குடும்பமே. 2022 இல் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் பதிவு செய்து நாட்டைவிட்டுச் சென்றனர். மூத்தவர் டோஹாவில், இளையவர் இலண்டனில், சகோதரி மாத்திரம் வயதான தாயுடன் கலகெதரவில் என்ற நிலை இன்று சர்வசாதாரணம். தூரத்தில் இருப்பவருக்குக் காத்திருப்பது எளிது. 'வாப்பா கட்டிய வீட்டை', 'அப்பா கட்டிய வீட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்ற பெயரைச் சுமக்க எவரும் விரும்புவதில்லை. அந்தக் கௌரவத்தின் செலவைச் செலுத்துபவர் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் சகோதரியே. இணக்கம் ஏற்படாது 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் சென்றால், பிள்ளைகளின் காலத்தில் தொடங்கிய வழக்குப் பேரப்பிள்ளைகளின் காலம் வரை நீளக்கூடும். ஆகவே விலை பற்றிய முடிவில், அவ்வீட்டை விற்பதால் யாருடைய வாழ்க்கை நகர வேண்டியிருக்கின்றதோ அவருடைய குரலுக்கே முதலிடம் தரப்பட வேண்டும் என்பது எமது கருத்து.

அரசாங்கத்துக்கும் இதில் கடமை உண்டு. கொழும்பு மாவட்டத்துக்கு உள்ள விலைச் சுட்டெண்கள் கண்டிக்கும் ஏனைய மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும். மண்சரிவு அபாய மதிப்பீட்டைச் சாதாரண குடும்பமொன்று நீண்ட காலம் அலையாது பெறக்கூடிய ஏற்பாடுகள் பிரதேச செயலக மட்டத்திலேயே செய்யப்பட வேண்டும். அதிவேக நெடுஞ்சாலையின் கலகெதரப் பகுதி எப்போது, எந்த வழியாக வரும் என்பதைத் திட்டவட்டமாக அறிவிப்பதும் மக்களுக்குச் செய்யும் பேருதவியாகும்.

அதுவரை, தேவை அவசரமற்றவர்கள் பொறுத்திருப்பதில் தவறில்லை. தேவை வாசலில் நிற்பவர்களோ, ஊர் என்ன சொல்லும் என்பதை எண்ணாது, ஒரு மாலைப்பொழுதில் குடும்பத்தோடு அமர்ந்து, நாம் மேலே கூறிய கணக்குகளைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கணக்கு ஒரு தொகையைக் காட்டுமாயின், பலகையிலுள்ள இலக்கத்தை அழித்து அதனை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டைக் கட்டிய தந்தை அதனைப் பிள்ளைகளின் நல்வாழ்வுக்காகவே கட்டினார். அந்த நல்வாழ்வைத் தடுத்துக்கொண்டு விலையைக் காப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.